கண்ணால் பார்த்தவர்

காகிதத்தைப் படிக்க அவர் கண்ணாடி போட்டு நான் பார்த்ததே இல்லை. கையை நீட்டித் தூரத்தில் பிடித்து, புருவத்தைச் சுருக்கி, எப்படியோ படித்துவிடுவார். நெற்றிக்கு மேலே ஏற்றிவைத்திருக்கும் அந்தக் கறுப்பு பிரேம் கண்ணாடி மூக்குக்கு இறங்குவது ஆட்களைப் பார்க்க மட்டும்தான். காலை ஒன்பது மணி ஷிப்டுக்கு கேப்கள் வரிசையாக வந்து நிற்கும். ஒவ்வொரு வண்டியின் ஜன்னலிலும் குனிந்து, உள்ளே இருக்கும் முகங்களை ஒன்று விடாமல் பார்ப்பார். போனை நோண்டிக்கொண்டிருப்பவர்களிடம், "சொல்ப மூஞ்சியைக் காட்டுங்க" என்பார், கொஞ்சம் என்பது அவருக்குக் கன்னடத்தில்தான் வரும். பார்த்து முடித்த பிறகுதான் வண்டிக் கதவைத் திறக்க விடுவார்.

ஹோசூர் ரோட்டில், வெளிநாட்டு இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காக ஆஸ்பத்திரி பில்களைச் சரிபார்க்கும் ஆபீஸ் எங்களுடையது. நான் மூன்றாவது மாடியில் பதினொரு பேருக்கு டீம் லீட். அவர் தரைத்தளத்தில், செக்யூரிட்டி மேஜைக்குப் பக்கத்தில் டிரான்ஸ்போர்ட் டெஸ்க். கான்ட்ராக்ட் ஆள். தினமும் ஒக்கலிபுரத்திலிருந்து ஸ்கூட்டரில் ஊரைக் குறுக்கே கடந்து வருவார். என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். நாங்கள் அவரை அண்ணா என்போம், அவர் எங்களை மேடம், சார் என்பார். ரொம்பச் சின்னப் பிள்ளைகளாக இருந்தால் மட்டும் வா, போ. அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், "நான் கேட்டனா மேடம்?" என்பார்.

யார் எந்த வண்டியில் ஏறினார்கள், எத்தனை மணிக்கு எங்கே இறங்கினார்கள், எல்லாம் செயலியில் தானாகவே பதிவாகிவிடும். டிரைவர்கள் போனைத் தூக்கிக் காட்டுவார்கள்.

"நாலு பேரும் ஏறியாச்சுண்ணா. பாருங்க, காட்டுது."

"அது காட்டுறது இருக்கட்டும். நீ கண்ணால பாத்தியா?"

அந்தக் கேள்விதான் அவர். அவரைப் பற்றி எதை நினைத்தாலும் சுற்றிச் சுற்றி அதில்தான் வந்து நிற்கிறது. அந்தக் கேள்வியை என்னிடமும் ஒரு நாள் கேட்டார். நான் பொய் சொன்னேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எழுத எழுத எனக்கு நானே சலுகை கொடுத்துக்கொண்டே போவேன்.

அவரைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வந்த காலம் உண்டு. ஒரு நாள் சாயங்காலம் நல்ல மழை. ஷிப்ட் முடிந்து என் டீமில் நாலு பேர் வண்டியில் உட்கார்ந்தாகிவிட்டது. ஐந்தாவது ஆள், புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், கேபை ரத்து செய்துவிட்டாள் என்று செயலி சொன்னது. வண்டி கிளம்பவில்லை. இருபது நிமிஷம் ஆனதும் உள்ளே இருந்தவர்கள் எனக்கு போன் போட ஆரம்பித்தார்கள். நான் கீழே இறங்கிப் போய்ச் சத்தம் போட்டேன்.

"அவங்க கேன்சல் பண்ணிட்டாங்கண்ணா. இன்னும் எதுக்கு வண்டியை நிறுத்தி வெச்சிருக்கீங்க?"

"வெளிய போனதை நான் பாக்கல மேடம்."

"ஆட்டோல போயிருப்பாங்க."

"இருக்கலாம். ஆனா நான் பாக்கல."

ஹவுஸ்கீப்பிங் அம்மாவை ஒவ்வொரு மாடியாக அனுப்பினார். இரண்டாவது மாடி ரெஸ்ட் ரூமில், கதவைத் தாழ் போட்டுக்கொண்டு அந்தப் பெண் அழுதுகொண்டிருந்தாள். மத்தியானம் போனில் ஒரு கஸ்டமர் அவளை அசிங்கமாகத் திட்டியிருக்கிறார். அந்த முகத்தோடு வண்டியில் ஏறக் கூச்சப்பட்டு, எல்லோரும் போகட்டும் என்று உள்ளேயே உட்கார்ந்துவிட்டாள். அவளை முன் சீட்டில் உட்கார வைத்தார், டிரைவரிடம் பாட்டைப் போடச் சொன்னார், அனுப்பிவிட்டார். ஒரு வார்த்தை ஆறுதல் சொன்னதாக எனக்கு நினைவில்லை. மறுநாள் தாமதத்துக்கு விளக்கம் கேட்டு அவருக்கு மெயில் போட்டேன். நகலை அவருடைய மேலாளருக்கும் அனுப்பினேன்.

கொஞ்ச நாள் கழித்து லிப்டில் அவரும் நானும் மட்டும். அவராகவே பேசினார்.

"முன்னாடி வேற ஒரு ஆபீஸ்ல இருந்தேன் மேடம். ஒரு தடவை, பாக்காமயே எல்லாரும் எறங்கிட்டாங்கன்னு சொல்லிட்டேன். ஒரே ஒரு தடவை."

லிப்ட் நின்றது. அவர் வெளியே போய்விட்டார். அப்புறம் என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் விட்ட விஷயங்களில் அதுவும் ஒன்று.

எங்கள் ஆபீசில் ஊழியர்களின் மனநலத்தின் மேல் கம்பெனிக்கு ரொம்ப அக்கறை. கிண்டல் இல்லை. அப்படித்தான் சுவரெல்லாம் எழுதியிருந்தது. லிப்டுக்குள் கவுன்சலர் நம்பர் ஒட்டியிருக்கும். கூப்பிட்டால் முதலில் எம்ப்ளாயி ஐடியைக் கேட்பார்கள் என்பதால் யாரும் கூப்பிட மாட்டோம். மனநல வாரத்தில் ஆளுக்கொரு ரப்பர் பந்து கொடுத்து, கோபம் வந்தால் பிசையச் சொன்னார்கள். எல்லாவற்றுக்கும் மேலே மூஞ்சி. காலையில் கம்ப்யூட்டரைத் திறந்ததும் திரையில் மூன்று முகங்கள் வரும். சிரிக்கும் பச்சை, சும்மா இருக்கும் மஞ்சள், அழும் சிவப்பு. இன்றைக்கு உங்கள் மனசு எப்படி என்று கேட்கும். ஒன்றை அமுக்கினால்தான் வேலையைத் தொடங்க முடியும்.

யாராவது சிவப்பை அமுக்கினால் மேலாளருக்கும், அவருக்கு மேலே இருப்பவருக்கும் மெயில் போகும். மேலாளர் கூப்பிட்டு உட்கார வைத்து, "என்ன பிரச்சினை, வேலை ஜாஸ்தியா? வேற ஆளைப் போடணுமா?" என்பார். ஒரு தடவை அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் மறுபடி சிவப்பை அமுக்க மாட்டார்கள். எந்த டீம் எத்தனை சதவீதம் பச்சை என்பது கேன்டீன் டிவியிலும் ஒவ்வொரு மாடிச் சுவரில் இருக்கும் பலகையிலும் ஓடிக்கொண்டே இருக்கும். வாரம் முழுக்கப் பச்சை என்றால் வெள்ளிக்கிழமை பிஸ்ஸா. ஒன்பதரை மணிக்குள் ஒருவர் எதையும் அமுக்காவிட்டால் கணக்கில் அது சிவப்பு. அதற்காகவே டீம் லீட்களுக்கு மட்டும் ஒரு வசதி வைத்திருந்தார்கள். வராதவருக்குப் பதிலாக நாமே நம் திரையிலிருந்து அமுக்கிவிடலாம். நாங்கள் அதற்குப் பச்சை போடுவது என்று பெயர் வைத்திருந்தோம். காலை ஒன்பது இருபதுக்கு எல்லா டீம் லீட்களும் செய்கிற வேலை அது. ஒருத்தர் பஸ்ஸில் இருப்பார், பச்சை. ஒருத்தருக்கு ஜுரம், பச்சை. எவ்வளவு அபத்தம் என்று இப்போது எழுதும்போது தெரிகிறது. அப்போது பல் தேய்ப்பதைப் போல அன்றாட வேலை, அவ்வளவுதான். என் டீம் நாற்பத்தோரு நாளாகத் தொடர்ந்து பச்சை.

கான்ட்ராக்ட் ஆட்களுக்குத் திரையும் கிடையாது, மூஞ்சியும் கிடையாது. கேன்டீன் டிவியை அண்ணாந்து பார்த்தபடி அவர் ஒரு நாள் கேட்டார். "இவ்வளவு பேரும் சந்தோஷமா இருக்காங்களா மேடம்?"

"இருக்காங்களே, பாருங்க."

அவர் கண்ணாடியை இறக்கினார். டிவியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். நான் டீயை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன்.

சிவராஜ் என் டீமில் இருந்தான். அத்திபெலேக்காரன், இருபத்தொன்பது வயது. வேலை செய்யும்போது தனக்குத் தெரியாமலே ஏதாவது முனகிப் பாடிக்கொண்டிருப்பான். ஒரு பெரிய பில்லில் தப்பு விட்டான். கிளையண்டோடு போன் மீட்டிங் நடக்கும்போது, இருபது பேர் கேட்க, அவன் பெயரைச் சொல்லி அந்தத் தப்பை விளக்கியது நான்தான். பிறகு அவனை மூன்று மாத முன்னேற்றத் திட்டத்தில் போட்டேன். பெயர் அழகாக இருக்கும். தினமும் சாயங்காலம் அன்றைக்குச் செய்த தப்புகளை எழுதி எனக்கு அனுப்ப வேண்டும், மூன்று மாதத்தில் தேறாவிட்டால் வெளியே போக வேண்டும். மூன்றாவது வாரத்தில் பாட்டு நின்றுவிட்டது. நான் கவனித்தேன். கவனித்து என்ன? அப்பாடா, இப்போதாவது சத்தம் இல்லை என்று இருந்தது. அதையும் மறைக்க விரும்பவில்லை.

தினமும் காலையில் அவனும் பச்சையைத்தான் அமுக்கினான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை கிளையண்ட் பக்கத்திலிருந்து இரண்டு பேர் ஆபீசைப் பார்க்க வந்திருந்தார்கள். மனநலத் திட்டத்தைத் தங்கள் ஊரிலும் கொண்டுவர யோசிக்கிறார்களாம். கிளைத் தலைவர் அவர்களை மாடி மாடியாகக் கூட்டிக்கொண்டு வந்தார். நாற்பத்தோரு நாள் பச்சையைக் காட்டத்தான் எங்கள் மாடி. ப்ரமோஷன் பட்டியலில் என் பெயர் இருந்தது. ஹீல்ஸ் செருப்பு போட்டுக்கொண்டு போயிருந்தேன். ஒன்பது இருபதுக்கு சிவராஜின் கட்டம் காலியாக இருந்தது. பச்சை போட்டேன். நாற்பத்திரண்டு.

பத்தேகாலுக்கு விருந்தாளிகள் என் பக்கத்தில் நிற்கும்போது கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவர் வந்து நின்றார். மூன்றாவது மாடிக்கு அவர் வந்ததே இல்லை. கிளைத் தலைவர் அவரைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். நான் வேகமாக வெளியே போனேன், கதவைச் சாத்தவில்லை.

"சிவராஜ் எங்க மேடம்?"

"ஏன்?"

"காலைல வண்டில வரல. நேத்து சாயங்காலம் என்கிட்ட வந்து, நாளைலேர்ந்து கேப் வேணாம்ணான்னு சொன்னான். ஏன்பான்னேன். இனிமே தேவைப்படாதுன்னான். வேலையை விட்டுட்டானா?"

"இல்லையே."

"அப்போ ஏன் தேவைப்படாது?"

கிளைத் தலைவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். விருந்தாளிகளில் ஒருவர் பச்சைப் பலகையைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்.

"வந்துட்டாருண்ணா. கேன்டீன்ல இருப்பாரு."

அவர் கண்ணாடியை இறக்கினார். "நீங்க கண்ணால பாத்தீங்களா மேடம்?"

"பாத்தேன்."

ஒரு வினாடி என்னைப் பார்த்தார். அப்புறம் கண்ணாடி நெற்றிக்கு ஏறியது. "ஆய்த்து மேடம்," என்று, சரி என்பதைக் கன்னடத்தில் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். எந்தத் திரையையும் நம்பாத மனுஷர் அன்றைக்குப் பார்க்காமலே நம்பினார். நம்பியது என்னை.

அடுத்த அரைமணி நேரம் நான் ஆங்கிலத்தில் பேசினேன். என்ன பேசினேன் என்று தெரியாது. விருந்தாளிகள் ஒவ்வொரு மேஜையாகப் பார்த்துக்கொண்டே வந்து சிவராஜின் மேஜைக்கு முன்னால் நின்றார்கள். ஆபீசிலேயே சுத்தமான மேஜை இதுதான் என்று அவர்களில் ஒரு அம்மா சிரித்தார். நானும் பார்த்தேன். டீ கப் இல்லை, அவன் தங்கை படம் இல்லை. இழுப்பறை திறந்திருந்தது, உள்ளே ஒன்றும் இல்லை. அவன் வைத்திருந்த சின்ன மணிபிளான்ட் பக்கத்து மேஜையில், ஷாலினியிடம் இருந்தது.

"இது எப்படி உன்கிட்ட?" என்றேன்.

"நேத்து போறப்ப குடுத்துட்டு போனாரு மேடம். மறக்காம தண்ணி ஊத்துன்னாரு."

பாத்ரூம் பக்கம் போய் அவனுக்கு போன் செய்தேன். ஸ்விட்ச் ஆப். மறுபடி. ஸ்விட்ச் ஆப். மணி பத்து ஐம்பத்தைந்து. நான் பார்த்தேன் என்று சொல்லி நாற்பது நிமிஷம் ஆகிவிட்டது. இப்போது கீழே போனால் சொன்னது பொய் என்று ஒத்துக்கொள்ள வேண்டும், பச்சையும் பொய் என்றாகிவிடும். அங்கே நின்று அதை யோசித்தேன் என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. ஒரு உயிர் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை, நான் பலகையைப் பற்றி யோசித்தேன். ஒரு நிமிஷம் இருக்கலாம், இரண்டு நிமிஷம் இருக்கலாம். பிறகு லிப்ட் பொத்தானை அமுக்கினேன், விருந்தாளிகளுக்காக அதை நிறுத்தி வைத்திருந்தார்கள். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் படியில் ஓடினேன்.

அவர் போனில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். நான் அவர் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அண்ணா, நான் பாக்கல. அவன் வரவே இல்ல. நான்தான் பச்சை போட்டேன்."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் வெறும் காலைப் பார்த்தார். பிறகு அந்தப் பேச்சை வெட்டிவிட்டு, அதே போனில் டிரைவர்கள் குழுவில் பேசினார். முதலில் கன்னடத்தில், அப்புறம் தமிழில்.

"நம்ம அத்திபெலே ரூட்டு சிவராஜ். ஒசரமா இருப்பான், தாடி விட்டிருக்கான், அவன் வீடு பஸ் ஸ்டாண்டு பின்னாடி. யாராவது பாத்தா எனக்கு போன் பண்ணுங்க. அவனைக் கேள்வி கேக்காதீங்க, திட்டாதீங்க. பக்கத்துலயே நில்லுங்க. விட்டுட்டு மட்டும் நகராதீங்க."

அவன் வீட்டுக்கு நான் போன் செய்தேன். அவன் அம்மா எடுத்தார்கள். "ஆறு மணிக்கே கெளம்பிட்டானேம்மா. ஆபீசுக்குத்தான். ஏம்மா, வரலியா?" அவர் போனை வாங்கி, "அம்மா, நான் கேப் அண்ணா பேசுறேன். தேடிட்டு இருக்கோம். நீங்க வீட்டுலயே இருங்க, வந்தா எனக்கு சொல்லுங்க," என்றார். இல்லாததை ஒன்றும் சொல்லவில்லை. போலீசுக்கும் சொல்லும்படி செக்யூரிட்டியிடம் சொன்னார்.

காத்திருந்தோம். தொங்கும் கடிகாரத்தின் கீழே நான் நின்றேன், அதை அண்ணாந்து பார்க்கத் தைரியம் வரவில்லை. போன் அடித்தபோது அவர் முதல் மணியிலேயே எடுத்தார். "எங்க? நீ கண்ணால பாக்குறியா? இப்போ பாக்குறியா? சரி, அங்கயே நில்லு."

அத்திபெலே பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மூடிக்கிடக்கும் ஒரு கடைப் படியில் சிவராஜ் உட்கார்ந்திருக்கிறான். ஹோசூர் பக்கமிருந்து வந்த ஒரு டிரைவர் பார்த்திருக்கிறார்.

"ஏறுங்க மேடம்," என்று இன்னொரு ஹெல்மெட்டை நீட்டினார். ஆபீஸ் வண்டிக்கு அனுமதி வாங்க நேரமில்லை. சந்தாபுரா சிக்னலில் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டோம். பச்சை விழுவதற்குள் அவர் சட்டையைப் பின்னாலிருந்து கசக்கிப் பிடித்திருந்தேன். அவர் திரும்பாமலே, "பக்கத்துல ஆள் இருக்கு மேடம். மூச்சு விடுங்க," என்றார். வழி முழுக்க அவர் பேசியது அவ்வளவுதான்.

அந்த டிரைவர் பத்தடி தள்ளி வண்டியை நிறுத்திவிட்டு, நன்றாக இருக்கும் டயரை விழுந்து விழுந்து சோதித்துக்கொண்டிருந்தார். சிவராஜ் முழங்காலைக் கட்டிக்கொண்டு தலையைக் கவிழ்த்திருந்தான். நான் கிட்டே ஓடப் போனேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். போய் அவன் பக்கத்தில், அதே படியில் உட்கார்ந்தார். கண்ணாடியை இறக்கினார்.

"சிவராஜு. மூஞ்சியைக் காட்டுப்பா."

இரண்டு பஸ் வந்து போனது. அப்புறம் அவன் நிமிர்ந்தான். இத்தனை நாளாக என் டீமில் உட்கார்ந்திருந்தவனின் முகத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"செத்துப்போலாம்னு நெனச்சியா?"

அதை அப்படிக் கேட்கலாம் என்றே எனக்குத் தெரியாது. அந்த வார்த்தையைச் சொன்னால் ஏதோ உடைந்துவிடும் என்று நினைத்திருந்தேன். சிவராஜ் ஆமாம் என்று தலையை ஆட்டினான். பிறகு வாய்விட்டு அழுதான். அவர் அவன் தோளில் கையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார், போகிறவர்கள் பார்த்ததைக் கண்டுகொள்ளவில்லை.

"நாளைக்கும் இதேதானேண்ணா?"

"நாளைக்கு என்னன்னு எனக்கும் தெரியாது. இன்னிக்கு டாக்டர்கிட்ட போலாம். நான் கூட வரேன். உன் கேப்பை நான் கேன்சல் பண்ணல, உன் சீட்டு இருக்கு."

அவன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் உள்ளே சேர்த்துக்கொண்டார். சிவராஜ் பிழைத்தான். சாயங்காலம் ஆபீசுக்குத் திரும்பி வந்தபோது கேன்டீன் டிவியில் என் டீம் நூறு சதவீதம் பச்சையாக ஓடிக்கொண்டிருந்தது.

இதோடு முடிந்திருந்தால் இதை எழுதவே தோன்றியிருக்காது.

அடுத்த வாரம் விசாரணை வைத்தார்கள். சிவராஜுக்கு என்ன ஆனது என்பதற்கு இல்லை. அவர் ஷிப்ட் நேரத்தில் டெஸ்க்கை விட்டுப் போனாராம், ஒரு ஊழியரின் பெயரையும் வீட்டையும் டிரைவர்கள் குழுவில் சொன்னாராம், அது அந்தரங்க மீறலாம். கிளம்பும் முன் டீம் லீடிடம் கேட்டீர்களா என்று அவரிடம் கேட்டார்கள். நானும் அந்த அறையில்தான் இருந்தேன்.

"கேட்டேன் சார். என்ன சொன்னாங்கன்னு அவங்களே சொல்லட்டும். நான் பாத்ததை நான் சொல்லிட்டேன்."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். ஒரு வாக்கியம்தான் தேவை. பொய் சொன்னேன், பச்சை போட்டேன், அதனால்தான் இவர் ஓட வேண்டியதாயிற்று. "சிஸ்டம்ல பச்சைன்னு காட்டுச்சு. ஏதோ டெக்னிக்கல் தப்பு இருக்கணும்," என்றேன். பயம். வேறு அலங்காரம் எதுவும் வேண்டாம். அவர் கண்ணாடியை இறக்கவே இல்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாதக் கடைசியில் அவரை அங்கிருந்து எடுத்துவிட்டார்கள். புதிய ஆள் செயலியைப் பார்த்து வண்டிகளை அனுப்பினான், எல்லா வண்டியும் நேரத்துக்குக் கிளம்பின. கம்பெனி மாத இதழில் என் படம் வந்தது. குழு உறுப்பினரின் நிலையை உடனே உணர்ந்து விரைந்து செயல்பட்ட டீம் லீட். சான்றிதழை பிரேம் போட்டுக் கொடுத்தார்கள். வேண்டாம் என்று சொல்லக் காரணம் சொல்ல வேண்டும், அதனால் மேஜையில் வைத்துக்கொண்டேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை சிவராஜ் வேலைக்குத் திரும்பினான். முகம் கொஞ்சம் உப்பியிருந்தது, மாத்திரையால் என்றான். என் எதிரே வந்து உட்கார்ந்தான். சான்றிதழை எடுத்து முழுக்கப் படித்தான்.

"சிவராஜ், அது அப்படி இல்ல. அன்னிக்கு நான்..."

"தெரியும் மேடம்."

"என்ன தெரியும்?"

"நீங்க பச்சை போட்டது. ஆஸ்பத்திரில அண்ணா சொல்லிட்டாரு. எனக்கு ரொம்பக் கோவம் வந்துச்சு. அப்போ அண்ணா சொன்னாரு, 'ஆனா செருப்பில்லாம மூணு மாடி எறங்கி வந்து, நான் பாக்கலன்னு சொன்னாங்கப்பா. அதை நான் என் கண்ணால பாத்தேன்.' அதான் மேடம், திரும்ப உங்க டீமுக்கே வரேன்னு சொன்னேன்."

சான்றிதழைப் பழையபடி வைத்துவிட்டு, ஷாலினியிடம் செடியை வாங்கப் போனான்.

எனக்காக அவர் சாட்சி சொல்லி வைத்திருந்தார். அதைச் சிவராஜிடம் சொன்ன ஒரு வாரத்துக்குள் அந்த விசாரணை அறையில் உட்கார்ந்து, நான் வாயைத் திறப்பேன் என்று காத்திருந்திருக்கிறார். அதனால்தான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் திறக்கவில்லை. நாற்பது வயதில், பதினொரு பேர் நடுவில், முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். யாரும் அதைத் திரையில் பதிவு செய்யவில்லை.

அன்றைக்கு மத்தியானத்துக்குள் மெயில் எழுதி விசாரணைக் குழுவுக்கும் அவருடைய கான்ட்ராக்ட் கம்பெனிக்கும் அனுப்பினேன். நடந்ததை நடந்தபடி. நாற்பத்திரண்டு நாளில் எத்தனை நாள் நான் போட்ட பச்சை என்பதையும் எழுதினேன். சான்றிதழைக் கவரில் போட்டு மேலே அனுப்பினேன். இப்போது நான் அந்த ஆபீசில் இல்லை. அன்றைக்கு மெயிலை அனுப்பிய கையோடு என் மேஜையிலிருந்தே அவருக்கு போன் செய்தேன். நகரத்தின் மறு கோடியில் வேறு ஒரு ஆபீசில் இருந்தார். பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன.

விசாரணையில் சொல்லாததையும், இப்போது எழுதி அனுப்பியதையும் மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். அவர் மன்னிப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை.

"இன்னிக்கு சிவராஜு வேலைக்கு வரணுமே. வந்தானா?"

"வந்துட்டாருண்ணா."

"நீங்க கண்ணால பாத்தீங்களா மேடம்?"

நான் நிமிர்ந்தேன். ஜன்னல் பக்கத்து மேஜையில் அவன் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான்.

"பாக்குறேண்ணா," என்றேன்.

"ஆய்த்து," என்று வைத்துவிட்டார்.